பீரோவைத் தள்ளினால் தடதடக்கும் அல்லவா, அதேதான் தம்பி

வள்ளியூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. வீட்டில் ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் வியாபாரம். 14 மாதங்களுக்கு முன் கொச்சியில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 2017 மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். 5 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர், பின்சக்கர இழுவை. காரின் பெயரை நான் எடுத்துவிட்டேன். திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெயரைப் போட்டால் ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவருடைய சிக்கல் இது. நாங்குநேரி சுங்கச்சாவடியில் தடுப்புக் கம்பு மேலே போனதும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், கார் பாய்வதற்குப் பதில் பின்பக்கம் குதிக்கிறது. “பத்து ஸ்பீடு பிரேக்கரை வரிசையா ஒரே மூச்சில ஏறி இறங்கின மாதிரி இருக்கு அண்ணாச்சி. உள்கண்ணாடியில பார்த்தா பின்னால வர்ற லாரியே ரெண்டு மூணாத் தெரியுது” என்கிறார். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. சாதாரணமாக ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஊருக்குள் மணல் படிந்த ரோட்டில் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறதே தவிரக் குதிப்பதில்லை. அதனால் ‘கோளாறு காரில் இல்லை, நாலுவழிச் சாலையில்தான்’ என்று சில நாள் நினைத்திருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு முன் பின் டயர் இரண்டையும் மாற்றிய பிறகு குதிப்பு கூடியிருக்கிறது. வலது பின் டயரின் உள்விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்கிறது. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஆலோசனைக்குக் குறைவில்லை. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, வெல்டு வைத்துவிடச் சொல்கிறார். வெளியூரில் கார்களை மெருகேற்றும் ஒருவர் ஷாக், ஸ்பிரிங், புஷ் எல்லாவற்றையும் மாற்ற நாலரை லட்சம் கேட்கிறார். மச்சான் டிக்கியில் இரண்டு சிமெண்ட் மூட்டை போடச் சொன்னார். வீட்டு வியாபாரம்தானே, போட்டும் பார்த்துவிட்டார். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல்தான் காரைப் பிடித்துப் பிடித்து விடுகிறது என்று எண்ணி அதையும் அணைத்து ஓட்டுகிறார். எந்தச் செலவை முதலில் செய்வது, கொச்சிக்காரர் மேல் வழக்குப் போடலாமா, “விற்றுத் தொலை” என்று சொல்லும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று கேள்விகள்.

தம்பி, முதல் காரியம்: குதிக்க வைத்துக் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். “இதுவரை முப்பது நாற்பது தடவை செஞ்சு பார்த்துட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டே இருக்கிற கதைதான். ஆனால் இந்தப் பல் ஒவ்வொரு தடவையும் உள்ளே எதையோ உடைக்கிறது. குதிப்பு தொடங்கிய நொடியில் கால் மேலே வந்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் மிதித்தால் தாண்டிவிடும்’ என்று பிடிவாதம் பிடித்து அச்சுத்தண்டை ஒடித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் இப்படித்தான் பணகுடி தாண்டி நின்றுபோய், காரைத் தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருந்தது அந்தத் தண்டு ஒடிந்த இடம்.

என்னதான் நடக்கிறது?

வீட்டில் கனமான இரும்பு பீரோவைத் தனியாளாகத் தள்ளியிருக்கிறீர்களா? வழவழப்பான தரையில் அது சீராக நகராது. கொஞ்சம் நிற்கும், கை அழுத்தம் ஏற ஏற கால்கள் லேசாக வளையும், சட்டென்று விடுபட்டு முன்னே போகும், மறுபடி நிற்கும். தடதடவென்று ஒரு சத்தம். உங்கள் பின்சக்கரத்தில் நடப்பதும் அதுதான்.

டயர் தரையைப் பிடிக்கிறது. எஞ்சின் முறுக்குகிறது. நடுவில் இருக்கிற எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது: அச்சுத்தண்டு முறுகுகிறது, டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்புகிறது, அதைத் தாங்கும் இரும்புச் சட்டகமான சப்-ஃபிரேமின் ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன, சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் ஆர்ம்கள் இழுபட்டுச் சக்கரம் ஒரு நூல் முன்னே போகிறது, டயரின் பக்கச்சுவர் சுருங்குகிறது. வில்லை நாணேற்றுகிற மாதிரி. ஒரு கட்டத்தில் டயரால் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. உடனே சேர்ந்திருந்த முறுக்கமெல்லாம் அவிழ்ந்து, சக்கரம் துள்ளி, தரை மேல் அழுத்தம் குறைகிறது. கீழே வந்து மறுபடி பிடிக்கிறது. உங்கள் கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறவரை எஞ்சின் இதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் சக்கரம் இயல்பாகத் துள்ளும் கதி நொடிக்கு 10 முதல் 15 தடவை. பிடிப்பும் வழுக்கலும் அந்தக் கதியோடு ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி ஆகி, ஆட்டம் பெருகிவிடும்.

மணல் ரோட்டில் ஏன் வரவில்லை என்பது இப்போது புரியும். பிடிப்பே இல்லாத இடத்தில் வில் நாணேறாது. சக்கரம் சும்மா சுற்றும். சுங்கச்சாவடியில் கார் நிற்கும் தடம் பெரும்பாலும் காங்கிரீட். நல்ல பிடிப்பு. அதே தடத்தில் லாரிகள் சொட்டிய டீசலும் ஆயிலும் திட்டுத்திட்டாகக் கிடக்கும், குறுக்கே இணைப்புக் கோடுகளும் இருக்கும். பிடி, விடு, பிடி, விடு. குதிப்பதற்கென்றே கட்டின இடம் அது. ரோடு அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். காரணம் காருக்குள் இருக்கிறது.

ஒரு கணக்கும் போட்டுவிடுவோம், ஏனென்றால் “பவர் ஜாஸ்தி, அதான்” என்று பலரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய 500 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதைச் சுமார் 4 மடங்காக்கும், டிஃபரன்ஷியல் இன்னும் 3 மடங்குக்கு மேல். ஆக 6000, ஒரு சக்கரத்துக்கு 3000. டயரின் ஆரம் மூன்றில் ஒரு மீட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு சக்கரமும் தரையைச் சுமார் 900 கிலோ பாரத்துக்கு ஈடாகப் பின்னே தள்ளப் பார்க்கிறது. அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரமோ, கார் பாயும்போது பின்னால் சாய்வதையும் சேர்த்து, 500 கிலோ சொச்சம். காய்ந்த ரோட்டில் சாதாரண டயரின் பிடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முழு மிதி மிதித்தால் உங்கள் டயர் வழுக்கியே தீரும். வழுக்குவது கோளாறு இல்லை, கணக்கு. வழுக்கும்போது சீராகப் புகைவிட்டுச் சுற்ற வேண்டியது ஏன் குதிக்கிறது என்பதுதான் கேள்வி. இதே எஞ்சினோடு குதிக்காத கார்கள் எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி

மூன்றாம் பக்கத்தில், இன்சூரன்ஸ் பணம் வராத கோபத்தின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 11 மாதத்துக்கு முன் களக்காடு போகும் வழியில் வலது பின்சக்கரம் பெரிய குழியில் விழுந்தது, ஒரு பட்டறையில் அந்தப் பக்க ஆர்ம் ஒன்றை மாற்றி, அலாய் வீலை நிமிர்த்திக் கொடுத்தார்கள், “அலைன்மெண்ட் முன்னால மட்டும் பார்த்தாங்க.” கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது என் பேனா அங்கேதான் நின்றது.

வலது பின் டயர் உள்விளிம்பில் தேய்கிறது என்றால் அந்தச் சக்கரம் நேராக நிற்கவில்லை. உங்கள் காரில் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியே கோணம் வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும். பின்னாலும் அலைன்மெண்ட் உண்டு என்பதே பல கடைகளில் ஞாபகத்துக்கு வருவதில்லை. சக்கரம் கோணலாக இருந்தால் ஒரு பக்க டயர் முன்னதாக வழுக்கும். குதிப்பு தொடங்க அது போதும்.

இன்னொன்று, இதைவிட நுணுக்கமானது. ஆர்மின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுற்றுவதில்லை. உள்குழாய், வெளிக்குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பர் முறுகித் திரும்பும். அதனால் அந்த போல்ட்டை இறுதி இறுக்கு இறுக்கும்போது சக்கரத்தின் மேல் காரின் பாரம் இருக்க வேண்டும். ராம்ப்பில் காரைத் தூக்கி, சக்கரம் தொங்குகிற நிலையிலேயே கடைசி முறுக்கு வரை இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கின நிமிடமே ரப்பர் முறுகிப்போய்விடும். நிற்கும்போதும் முறுக்கில், ஓடும்போது இன்னும் முறுக்கில். ஓராண்டு தாங்குவதே பெரிது. அவசர வேலையில் இது நடக்கிறது. நானும் பழகுகிற காலத்தில் இப்படி இறுக்கி முதலாளியிடம் வசை வாங்கியவன்தான்.

இப்படிக் கிழிந்த புஷ்ஷை டார்ச் அடித்துப் பார்த்தால், சித்திரை மாதத்தில் வற்றிய குளத்துக் கரம்பை வெடித்துக் கிடக்குமே, அப்படி இருக்கும். கடப்பாரையை நெம்பி வைத்தால் வெடிப்பு வாய் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல ரப்பராகவே தெரியும். உங்கள் ‘டொக்’ சத்தம் இந்தப் புஷ்ஷிலிருந்து வரலாம், டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்ஷிலிருந்தும் வரலாம். கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் ஜோசியன் இல்லை. ஆனால் என் சந்தேகம் வலது பக்க ஆர்மில் தொடங்குகிறது.

அப்புறம் டயர். “புது டயர், மூணு மாசம்தான் ஆகுது, நம்பர் 3420” என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாடல் நம்பர் இல்லை தம்பி. 2020ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். நீங்கள் வாங்கியது புது டயர்தான், ஆனால் குடோனில் பல கோடையைக் கண்ட புது டயர். ரப்பர் ஓடாவிட்டாலும் இறுகும். அதற்கு மேல், நைட்ரஜன் அடிக்கிற கடையில் வெயிலுக்கு நல்லது என்று 40 பி.எஸ்.ஐ. வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலுக்கு அல்ல, எதற்குமே அது நல்லதில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவை வண்டி ஆறியிருக்கும்போது வையுங்கள். அதிகக் காற்று தரையில் படும் பரப்பைக் குறைத்து டயரைப் பந்து மாதிரி துள்ள விடும். அதற்காக யாரோ சொன்னார் என்று 18க்கு இறக்கிவிடாதீர்கள். பக்கச்சுவர் சுருண்டு விரிவது கூடும், நாலுவழிச் சாலையில் சூடேறி டயர் வெடிக்கும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

பட்டறைக்கு வருமுன் மூன்று காரியம் செய்யுங்கள். காசு செலவில்லை.

ஒன்று, ‘டொக்’கைப் படம் பிடியுங்கள். சமதரையில், முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காருக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லாமல் பார்த்து, செல்போனை வீடியோவில் போட்டு டிஃபரன்ஷியல் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் தரையில் வையுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்றுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. டிஃபரன்ஷியல் மூக்கு லேசாக ஏறி இறங்குவது இயல்பு. மொத்தக் கூடும் தூக்கி அடித்தால் அங்கே புஷ் போய்விட்டது.

இரண்டு, வலது பக்க ஆர்மின் போல்ட் தலையிலிருந்து உலோகத்தின் மேல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்கிறது. ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் இதே போல ஒரு கோடு போட்டு வையுங்கள். டயர் ரிம்மின் மேலேயே நழுவுகிறதா என்று அது சொல்லிவிடும். நிமிர்த்திய அலாய் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் விளையாட்டு மாதிரி, ஆனால் பயனுள்ளது. யாராவது ஏற்கனவே பக்கத்தில் நின்று மெதுவோட்ட வீடியோ எடுத்திருந்தால் அதைத் தேடிப்பாருங்கள். உங்கள் நண்பர்கள் எடுக்காமலா இருந்திருப்பார்கள்? நொடிக்கு 240 படம் (ஃபிரேம்) பதிவாகும் போனில், ஒரு துள்ளலிலிருந்து அடுத்த துள்ளலுக்கு 20 படம் என்றால் நொடிக்கு 12 தடவை. அது சக்கரக் குதிப்பேதான். நொடிக்கு 30, 40 என்று வந்தால் அது நடுக்கம். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் விசையைக் கொண்டுபோகும் பிராப்பல்லர் தண்டின் ரப்பர் இணைப்பையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டியிருக்கும், நான் இங்கே சொல்கிற வைத்தியம் அதற்குச் செல்லாது. வீடியோ இல்லாவிட்டால் இதற்கென்று புதிதாக ஒன்று எடுக்கப் போகாதீர்கள்.

யார் சொன்னதைக் கேட்பது?

டிஃபரன்ஷியலை வெல்டு வைப்பது: கூடவே கூடாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சாமானே இருக்கிறது. வெல்டு வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தேய்த்துக்கொண்டு வரும். ஐப்பசி மழையில் வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றும்போது பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும். குதிப்பும் நிற்காது.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். நாங்களெல்லாம் ஜீப்பிலும் அம்பாசடரிலும் தொழில் பழகியவர்கள். அவற்றில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில், கீழே பட்டை ஸ்பிரிங். ஓங்கி மிதித்தால் பட்டை முறுகி அச்சே உருளப் பார்க்கும். அதைத் தடுக்கக் கட்டுக்கம்பி வைப்பதும் பட்டை கூட்டுவதும் அந்தக் காலத்து வைத்தியம், அந்த வண்டிக்குச் சரியான வைத்தியம். உங்கள் காரில் ஒவ்வொரு சக்கரமும் தனியாகத் தொங்குகிறது. சொகுசுக்காக இடத்துக்கு இடம் ரப்பர் வைத்திருக்கிறார்கள். நோய் இருப்பது அந்த ரப்பர்களில்.

சிமெண்ட் மூட்டை: 100 கிலோ ஏற்றினால் பிடிப்பு கூடும், குதிப்பு சற்றுத் தள்ளிப்போகலாம். ஆனால் பிடிப்பு கூடக்கூட அச்சுத்தண்டு தாங்க வேண்டிய முறுக்கும் கூடுகிறது. குதித்தால் முன்பைவிட ஓங்கிக் குதிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நாய் குறுக்கே வந்து நீங்கள் பிரேக் அடித்தால் அந்த மூட்டைகள் எங்கே வரும் என்று மச்சானைக் கேளுங்கள்.

டிராக்ஷன் கன்ட்ரோல்: நீங்கள் எதிரி என்று நினைத்து வெளியே நிறுத்தியிருப்பது காவல்காரனை. சக்கரம் வழுக்கியதும் எஞ்சின் விசையைக் குறைத்தோ பிரேக்கைத் தொட்டோ அந்தச் சுழலை அறுப்பதுதான் அதன் வேலை. ஒவ்வொரு தடவையும் வேண்டிய வேகத்தில் அறுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் காலைவிட அது வேகம். இன்றே போடுங்கள்.

நாலரை லட்சம்: அவர் சொல்கிற சாமான்கள் போலி இல்லை. வரிசைதான் தவறு. கிழிந்த புஷ்ஷையும் கோணல் சக்கரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே விலையுயர்ந்த ஷாக் மாட்டினால், எதனால் குறைந்தது, எது இன்னும் பாக்கி என்று யாருக்கும் தெரியாது. ஷாக் குதிப்பை உண்டாக்குவதில்லை, பெருகாமல் அடக்குவதுதான் அதன் வேலை. உங்கள் ஷாக்கில் ஆயில் கசிவு இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். இல்லையென்றால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இந்த வரிசை. காற்றைச் சரி வைப்பது. வலது ஆர்ம் புஷ்களைக் கம்பெனி ரப்பரிலேயே மாற்றி, நான்கு சக்கரமும் தரையில் பாரத்தோடு நிற்கும்போது அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குவது. டிஃபரன்ஷியல், சப்-ஃபிரேம் புஷ்களை நெம்பிப் பார்ப்பது. நான்கு சக்கரத்துக்கும் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட், அதில் பின்பக்க அளவுகளை அச்செடுத்து வாங்குவது. இதெல்லாம் முடிந்த பிறகு நல்ல டயர். முடியுமுன் மாட்டினால் அதன் உள்விளிம்பும் போய்விடும். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதால் நாட்கள் ஆகலாம். செலவு அவர் கேட்டதில் பாதிக்கும் வெகு கீழேதான் நிற்கும், புது டயரைச் சேர்த்தாலும்.

இந்த வேலையின்போதே டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது தடவை குதித்திருக்கிறது அல்லவா. காந்த முளையில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. நெல் உமி அளவுக்குச் செதில் வந்தால் பல் உதிர்கிறது. அச்சுத்தண்டு ஜாயிண்டுகளின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகும் குதித்தால்

குறைந்துவிடும் என்றே நினைக்கிறேன். அறவே போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தனித்தொங்கல் வைத்த பலமான கார்களைச் செய்த கம்பெனிகளே இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 2009 காடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது வலது அச்சுத்தண்டுகளை வேண்டுமென்றே வேறு வேறு தடிமனில் வைத்தார்கள். இரண்டும் ஒரே கதியில் முறுகி அவிழ்ந்தால்தானே சேர்ந்து குதிக்கும்? தாளம் தப்பட்டும் என்று விட்டார்கள்.

அந்த நிலை வந்தால் முதலில் சப்-ஃபிரேம், பிறகு டிஃபரன்ஷியல், இந்த இரண்டின் ரப்பரையும் கொஞ்சம் கெட்டியாக்கலாம். ரப்பரின் இடைவெளிகளில் செருகும் பாலியூரித்தேன் துண்டுகள் கிடைக்கின்றன. முழு அலுமினிய புஷ் வேண்டாம், அது பந்தயக் களத்துக்கு. டிஃபரன்ஷியல் ஊளையிடுவது வண்டிக்குள் கேட்கும், அப்பா முன் சீட்டில் உட்காரவே மாட்டார். ஆர்ம் முனைகளில் பாலியூரித்தேன் போடுவதில் அவசரம் கூடாது. பல திசையில் திரும்ப வேண்டிய இடத்தில் அது இறுகிப் பிடித்துக்கொண்டு வேறு கோளாறைக் கொண்டுவரும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, பிறகு அடுத்தது.

சட்டப் பக்கமும் அப்பாவும்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம், கொச்சிக்கு அலைய வேண்டாம். கால அவகாசம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாங்கியபோது குதிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடையில் குழியில் விழுந்திருக்கிறது, வேறு பட்டறையில் ஆர்ம் மாறியிருக்கிறது, டயர் மாறியிருக்கிறது. விற்றவர் மறைத்த குறை என்று நிரூபிப்பது கடினம். உங்களுக்குக் கேட்க நியாயம் இருக்கும் இடம் ஆர்ம் மாற்றிய பட்டறை. கழற்றும் புஷ்ஷைத் தூக்கிப் போடாமல், படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு முதலில் நேரில் பேசுங்கள்.

புஷ் மாற்றுவதும் அலைன்மெண்ட் வைப்பதும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எதையும் மாற்றுவதில்லை. அந்தக் கவலை வேண்டாம். ஆனால் எஞ்சினிலோ சேசிஸிலோ கை வைக்கச் சொல்பவர் வந்தால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வந்துவிடும், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கடிதத்தில் மறைத்தாலும் வரிகளுக்கு நடுவே ஒன்று தெரிகிறது: சுங்கச்சாவடியில் பக்கத்துத் தடத்தில் ஒரு நண்பர் நிற்கிறார், கம்பு இரண்டும் ஒன்றாகத் தூக்கும்வரை நீங்கள் காத்திருக்கிறீர்கள். அது ரோட்டில் பந்தயம் ஓட்டுவதற்கான 189ஆம் பிரிவு. முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தத் தடத்துக்கு வெளியே முறுக்கு விற்கிற பெண்களும் பையன்களும் நிற்கிறார்கள் என்பது எந்தப் பிரிவிலும் இல்லை, நீங்கள் தினமும் பார்ப்பதுதான். ஆசை இருந்தால் கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயச் சுற்று இருக்கிறது. விசாரித்துக்கொண்டு போங்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கப் போகாதீர்கள். இப்போது விற்றால் ‘டொக்’ சத்தத்தோடு விற்க வேண்டியிருக்கும், வாங்குபவர் அடித்துக் கேட்பார், சரிசெய்துவிட்டு அப்புறம் முடிவெடுப்போம் என்று வியாபாரிக்கு வியாபாரியாகச் சொல்லுங்கள். அது அவருக்குப் புரியும்.

ஆர்ம் மாற்றிய பில், அலைன்மெண்ட் சீட்டு, கழற்றிய பழைய டயர் வீட்டில் கிடந்தால் அதில் ஒன்று, இவற்றோடு பாளையங்கோட்டைக்கு ஒரு நடை வாருங்கள். டயரின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்தாலே கோணல் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வரும்போது மெதுவாக வாருங்கள். சிமெண்ட் மூட்டை இரண்டையும் இறக்கிவிட்டு.